டிரையரில் மோட்டார் ஓடுகிறது, டிரம் சுற்றவில்லை: பெல்ட்தானா?

குலசேகரம்காரன் (கேள்வி):

வணக்கம். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் துணி காயாமல் திண்டாடும் ஊர் எங்களுடையது. அதனால் அண்ணன் துபாயிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த 7 கிலோ டிரையரை 8 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். ஒரு வாரமாக உள்ளே ‘தப், தப்’ என்று சத்தம் கேட்டது. நேற்று ‘பட்’டென்று ஏதோ அறுந்ததுபோல் ஒலித்த பிறகு, மோட்டார் இரைகிறதே தவிர டிரம் அசையவில்லை. சிறிது நேரம் கழித்துத் திறந்தால், மேலே கிடந்த சாரம் (லுங்கி) கை வைக்க முடியாதபடி சுடுகிறது. அதற்கடியில் பிள்ளையின் சீருடை பிழிந்த ஈரத்தோடு அப்படியே கிடக்கிறது. பார்க்க வந்தவர் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார். பெல்ட் மட்டும் போயிருக்க வாய்ப்புண்டா?

தக்கலை ஸ்பேனர்:

மோட்டாருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள், தம்பி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து டிரம்மைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பெல்ட் நன்றாக இருந்தால் மோட்டாரையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் கைக்குக் கனம் தெரியும், விட்டதும் நின்றுவிடும். அறுந்திருந்தால் ஒரு விரலுக்கே தடையின்றிச் சுற்றும். அசையவே மறுத்தால் கோளாறு டிரம்மைத் தாங்கும் சிறு உருளையிலோ பேரிங்கிலோ இருக்கும். சில மாடல்களில் பெல்ட் அறுந்தவுடன் ஒரு சுவிட்ச் மோட்டாரையே நிறுத்திவிடும். உங்களுடையதில் மோட்டார் இரைவதால் அது அந்த வகையன்று. எப்படியானாலும் சரிசெய்யும்வரை அதை இயக்காதீர்கள்; நின்ற டிரம்மில் சூடு ஒரே இடத்தில் ஏறுவதும் உள்ளே பஞ்சுத்தூசி கிடப்பதும் சேர்ந்தால் ஆபத்து.

குளச்சல் அக்கா:

சென்ற ஆண்டு இதே வேலையை நானே செய்தேன். உப்புக்காற்றில் துருவேறிய ஸ்க்ரூக்களுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு வைத்ததுதான் பாதி வேலை. மேல்மூடியையும் பக்கத் தகட்டையும் கழற்றியதும், எதையும் தொடுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கை எடுத்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் அந்தப் பக்கம் கை போக வேண்டாம்.

அறுந்த பெல்ட்டின் முதுகைத் துடைத்துப் பாருங்கள். என்னுடையதில் 1930 H7 என்றிருந்தது: நீளம் 1930 மில்லிமீட்டர், வரியின் (பெல்ட்டின் உட்பக்கம் நீளவாக்கில் ஓடும் மேட்டின்) வகை H, வரிகள் 7. உங்களுடையது வேறாக இருக்கலாம். அந்த எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும், கண்ணளவில் வாங்கக் கூடாது. (ரப்பர் விளையும் ஊரில் இருந்துகொண்டு சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிப் பார்த்தவர் எங்கள் வீட்டிலேயே உண்டு, பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.)

வரியுள்ள பக்கம் டிரம்மில் படியுமாறு, பழைய பெல்ட் ஓடிப் பளபளத்திருக்கும் தடத்தின் மேலேயே புதியதைச் சுற்றுங்கள். ஸ்பிரிங் இழுக்கும் சின்னப் புல்லியை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெல்ட்டை மோட்டார் தண்டில் மாட்டிவிட்டு, டிரம்மைக் கையாலேயே சில சுற்றுச் சுற்றினால் பெல்ட் தானாகத் தன் இடத்தில் வந்து அமரும்.

தக்கலை ஸ்பேனர்:

அக்கா சொன்ன அந்தச் சின்னப் புல்லியை விரலால் உருட்டிப் பார்க்காமல் மூடிவிடாதீர்கள். அது இறுகியிருந்தால் பெல்ட் அதன்மேல் உரசி உரசித் தேய்ந்து அறும். புது பெல்ட்டும் அதே வழியில்தான் போகும். ஒரு வாரம் கேட்ட ‘தப், தப்’ பெரும்பாலும் பாதி கிழிந்த பெல்ட்டின் நுனி தகட்டில் அடித்த சத்தமாக இருக்கும்.

குலசேகரம்காரன்:

இருவருக்கும் நன்றி. டிரம் ஒரு விரலில் சுற்றியது. திறந்து பார்த்தால் பெல்ட் அடித்தட்டில் பஞ்சுக்குள் சுருண்டு கிடந்தது. புல்லியின் அச்சில் நூல் முறுக்கிச் சுற்றியிருந்ததால் அது அசையவே இல்லை, சுற்றிலும் கரிபோல் ரப்பர்த் தூள் படிந்திருந்தது. பெல்ட், புல்லி இரண்டுக்கும் நாகர்கோவிலில் சொல்லியிருக்கிறேன். மோட்டார் மாற்றச் சொன்னவரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.