டெல்லியில் இரண்டு நாள்: கல்லறைத் தோட்டங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். பிப்ரவரி கடைசி வாரம் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஹஸ்ரத் நிஜாமுதீன் போய் இறங்குகிறோம். நாங்கள் இருவர், 12 வயது மகள், 68 வயது அம்மா. அம்மா சமதரையில் நன்றாக நடப்பார். மூட்டுவலி இருப்பதால் படி ஏறுவதுதான் சிரமம். செங்கோட்டை, இந்தியா கேட் எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. இந்த முறை முழுதாக இரண்டு நாள் இருக்கிறது. ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம், சப்தர்ஜங் கல்லறை, குதுப் மினார், நேரம் இருந்தால் சுந்தர் நர்சரி பூங்கா என்று வைத்திருக்கிறோம். டூர் பஸ்ஸில் ஒவ்வோர் இடத்திலும் அரை மணிதான் தருகிறார்கள், அது வேண்டாம். எந்த வரிசையில் போகலாம், அம்மாவை எங்கே உட்காரவைக்கலாம், உள்ளே போனால் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரோல்பாக் வாசி எழுதியது:

நல்ல பட்டியல். குதுப்பைத் தவிர நீங்கள் சொன்ன அத்தனையும் லோதி சாலையை ஒட்டியே வருகிறது. கிழக்கு முனையில் ஹுமாயூன் கல்லறையும் சுந்தர் நர்சரியும், நடுவில் லோதி தோட்டம், மேற்கு முனையில் சப்தர்ஜங். 1444 முதல் 1754 வரை கட்டியவை எல்லாம் ஒரே சாலையில். இதை ஒரு நாளாக வையுங்கள், குதுப்பை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள்.

நிஜாமுதீனில் இறங்குவதால் ஹுமாயூன் கல்லறையில் தொடங்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அங்கேதான் வெளிச்சம் கெடுகிறது. அங்கே நாம் நுழைவது மேற்கு வாசல் வழியாக. காலையில் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும், சிவப்புக் கல் கறுத்துத் தெரியும், படம் எடுத்தால் வெறும் நிழலுரு. பிற்பகல் மூன்றரைக்கு மேல் போனால் அதே முகப்பில் நேராக வெயில் விழும். சப்தர்ஜங்கில் இது தலைகீழ்: வாசல் கிழக்கே, காலை வெயில்தான் முகப்புக்கு நல்லது. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே வாருங்கள்.

காலை ஏழரைக்கு சப்தர்ஜங். மஞ்சள் லைன் ஜோர்பாக் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். அங்கே ஒன்றரை மணி நேரம் போதும். அங்கிருந்து லோதி தோட்டத்துக்கு ஆட்டோ எடுங்கள், அம்மாவின் கால் மிச்சமாகும். தோட்டத்தில் பதினொன்றரை வரை இருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு கான் மார்க்கெட் அருகில் இருக்கிறது. இரண்டு மணிக்கு சுந்தர் நர்சரி, மூன்றரையிலிருந்து இருட்டும் வரை ஹுமாயூன் கல்லறை. அந்த வாரத்தில் சூரியன் மறைய ஆறே கால் ஆகிவிடும், அவசரப்பட வேண்டியதில்லை.

ஆர்.கே.புரம் 6 எழுதியது:

அம்மா விஷயத்தை மட்டும் சொல்றேன். லோதி தோட்டம் முழுக்க சமதளப் பாதை, நிழல் உண்டு, பெஞ்ச் உண்டு, நுழைவுக் கட்டணம் கிடையாது. படா கும்பத் மட்டும் மேடைமேல நிக்குது, அதைக் கீழே இருந்தே பாக்கலாம். சுந்தர் நர்சரியும் அகலமான நடைபாதை, அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். அது தொல்லியல் துறை டிக்கெட்ல வராது, தனி டிக்கெட். நர்சரிக்கும் கல்லறைக்கும் நடுவுல 2024ல திறந்த மியூசியம் தரைக்குக் கீழே இருக்கு. வெயில் ஏறிட்டா அங்கே ஒதுங்கிக்கலாம்.

ஹுமாயூன் கல்லறைலதான் கவனம் வேணும். கல்லறை ஏறத்தாழ 7 மீட்டர் உயர மேடைமேல இருக்கு. மேல போற படி வளைவுக்குள்ளே செங்குத்தா ஏறும், ஒவ்வொரு படியும் உயரம். மூட்டுவலி இருக்கறவங்க ஏறிடுவாங்க, இறங்கறப்பதான் மாட்டிக்குவாங்க. அம்மாவைக் கீழே தோட்டத்துல மேடையைச் சுத்தி நடக்கச் சொல்லுங்க, நாலு பக்க முகப்பும் பாத்துடலாம். நீங்க முதல்ல மகளோட ஏறிட்டு வாங்க, அப்புறம் ஆள் மாத்திக்கோங்க.

குதுப் உள்ளே பெரும்பாலும் சமதளம்தான். ஆனா "குதுப் மினார்" மெட்ரோ ஸ்டேஷன் பேரை நம்பி நடந்துபோக முடியும்னு நினைக்காதீங்க. அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர் பக்கம் வரும், ஆட்டோ எடுத்தே ஆகணும். மினாருக்குள்ளே ஏறவும் முடியாது. 1981 விபத்துக்கு அப்புறம் மூடினதுதான்.

ஸ்டேஷன்ல "இன்னைக்கு அது மூடியிருக்கு, வேற இடம் காட்டறேன்"னு யாராவது சொன்னா நிக்காதீங்க. கடைசியில கம்பளக் கடைக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. ஹுமாயூன் கல்லறையும் குதுப்பும் வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும்.

கல்தச்சன் எழுதியது:

எதைக் கவனிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். மகளுக்கு 12 வயது, அவளே கண்டுபிடிக்கும்படியான விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

லோதி தோட்டத்தில் கல்லறைகள் இரண்டு ஜாதி. எண்கோணமாக, சுற்றிலும் தாழ்வாரத்தோடு இருந்தால் அது சுல்தானுடையது: முகமது ஷா சையதின் கல்லறை (1444), சிக்கந்தர் லோதியின் கல்லறை (1517). சதுரமாக இருந்தால் பிரபுக்களுடையது. சதுரக் கட்டடங்கள் வெளியே இரண்டு மூன்று மாடி போலத் தெரியும். உள்ளே போனால் ஒரே கூடம், தலைக்குமேல் நேராக கவிமாடம். அவற்றில் ஒன்றான ஷீஷ் கும்பத்தின் வெளிச்சுவரில் நீல ஓடுகள் ஒட்டியிருப்பதைத் தேடிப் பாருங்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஹுமாயூன் கல்லறை வளாகத்துக்குள் போனால், வலப்பக்கம் ஈசா கான் என்ற பிரபுவின் கல்லறை (1547) வரும். பலர் அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள், தாண்டாதீர்கள். சுல்தான் இல்லை, ஆனாலும் அதே எண்கோணம், அதே தாழ்வாரம். அதிலிருந்து சில நூறு அடி நடந்து ஹுமாயூன் கல்லறைக்குப் போனால், ஏறத்தாழ இருபதே ஆண்டுகளில் எல்லாம் மாறிவிட்டது தெரியும்: 47 மீட்டர் உயரம், பாரசீக முறையில் இரட்டைக் கவிமாடம். வெளியே பார்க்கும் பளிங்குக் கவிமாடமும் உள்ளே நின்று அண்ணாந்தால் தெரியும் கூரையும் வேறு வேறு. இரண்டுக்கும் இடையில் வெற்றிடம். வெளியே உயரம் கம்பீரமாக வேண்டும், உள்ளே கூடத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும், அதற்காகத்தான் இரண்டு அடுக்கு. தோட்டம் நான்கு பெரிய சதுரம், ஒவ்வொன்றும் ஒன்பதாகப் பிரிந்து மொத்தம் 36. நடுவே ஓடும் வாய்க்கால் ஒரு முழ அகலம்கூட இருக்காது போலத் தோன்றும். அவ்வளவு மெல்லிய நீர்க்கோட்டை வைத்தே முழுத் தோட்டத்தையும் பிரித்திருக்கிறார்கள்.

குதுப்பில் என் பரிந்துரை ஒன்றுதான்: இரண்டு வளைவுகளை அருகே போய்ப் பாருங்கள். மசூதி முற்றத்தில் இரும்புத் தூணுக்குப் பின்னால் நிற்கும், முதல் சுல்தான் ஐபக் காலத்து உயரமான வளைவுச் சுவரில் கற்கள் படுக்கையாகவே அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடச் சற்று முன்னே நீட்டி நீட்டி உச்சியில் சேரும். நம் கோயில் கட்டுமானத்தில் கூரை மூடுகிற அதே கதலிகாகரண முறை. வளைவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், உள்ளூர்த் தச்சர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் செய்து கொடுத்திருக்கிறார்கள். பிறகு 1311இல் எழுந்த அலாய் தர்வாசா என்ற வாசல் கட்டடத்துக்கு வாருங்கள். அங்கே ஒவ்வொரு கல்லும் ஆப்பு வடிவம், மையத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதுதான் உண்மையான வளைவு. மசூதி முற்றத்துத் தூண்களில் மணியும் சங்கிலியும் செதுக்கியிருக்கும். அவை இடித்த கோயில்களிலிருந்து எடுத்தவை என்று மசூதி வாசல் கல்வெட்டே சொல்கிறது. மினாரில் முதல் மாடிச் சுவரின் செங்குத்துப் புடைப்பு வரிகள் வட்டமும் கூர்முனையும் மாறி மாறி, இரண்டாவதில் வட்டம் மட்டும், மூன்றாவதில் கூர்முனை மட்டும். மகளை எண்ணச் சொல்லுங்கள்.

சப்தர்ஜங்கில் பளிங்கு சில இடங்களில் திட்டுத் திட்டாகத் தெரியும். நிஜாமுதீன் பக்கம் இருக்கும், அக்பர் அவைப் பிரபு ரஹீம் கான்-இ-கானான் கல்லறையிலிருந்து பெயர்த்து வந்த கல் அதில் இருக்கிறது. மதுரா சாலையில் போகும்போது அந்த உரித்தெடுத்த கவிமாடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வைகைக்கரை கேட்டது:

மிக்க நன்றி, வரிசையை அப்படியே மாற்றிவிட்டேன். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. பரவாயில்லையா? மகளுக்கு டிக்கெட் வேண்டுமா?

கரோல்பாக் வாசி எழுதியது:

ஞாயிறு என்றால் குதுப்பை முதல் நாளுக்கு மாற்றுங்கள். காலை திறந்ததும் போய் பத்து மணிக்குள் முடித்துவிடலாம். ஞாயிறு மதியம் லோதி தோட்டத்திலும் சுந்தர் நர்சரியிலும் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருப்பார்கள், நிழல் மரம் ஒன்றும் மிஞ்சாது. லோதி சாலையைத் திங்களுக்கு வையுங்கள். தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குள் இருந்தால் இலவசம், வயதுக்கு ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஹுமாயூன், குதுப் இரண்டிலும் கவுன்ட்டரில் 40 ரூபாய், ஆன்லைனில் 35. சப்தர்ஜங் அதைவிடக் குறைவு. வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து வாங்கினால் வரிசையில் நிற்க வேண்டாம், ஆனால் வெயிலில் சிக்னல் தேடி நிற்காமல் முந்தின இரவே வாங்கி வைத்துவிடுங்கள். சாப்பாட்டுப் பையை உள்ளே விடமாட்டார்கள், தண்ணீர் பாட்டில் போதும். வளைவுகளின் அடியில் தேனடை தொங்கினால் அந்தப் பக்கம் பேசாமல் விலகி நடங்கள்.