‘நம்ம வீடு’ குழு: கடுக்காய்ப் பொடி யாருக்கு?

பிப்ரவரி 26, வியாழன்

பெரிய அத்தை, காலை 6.48: (ஃபார்வர்டு) ராத்திரி ஒரு ஸ்பூன் கடுக்காய்ப் பொடி! மூணே நாளில் குடல் கண்ணாடி மாதிரி! பத்து பேருக்கு அனுப்பவும் 🙏

பெரியப்பா, 6.55: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சின்ன அத்தை, 6.56: அண்ணே, அழிக்கதுக்குள்ள நான் படிச்சிட்டேன். யாருக்குப் பதினஞ்சு நாளா கடுக்காய் தின்னும் கேக்கல?

பெரியப்பா: தெரிஞ்சவர் ஒருத்தருக்கு.

பெரியம்மா: அந்தத் தெரிஞ்சவர் பாத்ரூம்ல இருந்துதான் டைப் பண்ணுதார்.

நான்: 🤣🤣

சின்ன அத்தை: மைனி, எத்தனை நாளா இது?

பெரியம்மா: பொங்கலுக்கு எல்லாரும் வந்தீங்கள்லா, அப்பவே ஆரம்பிச்சாச்சு. கரும்பு தின்னதுன்னார். அப்புறம் கல்யாண வீட்டுப் பாயசம்னார். போன வாரம் என் மோர்க்குழம்பு மேல பழி.

சின்ன அத்தை: பொங்கல்ல இருந்து இன்னையோட ஆறு வாரம். கரும்பு என்ன, அண்ணே, ஆறு வாரமா வயித்துலயே குடியிருக்கா?

பெரிய அத்தை: வயசானா அப்படித்தான் இருக்கும். எனக்குக்கூட ரெண்டு நாளைக்கு ஒருக்காதான்.

சின்ன அத்தை: அக்கா, உனக்கு நாப்பது வருஷமா அப்படித்தான், அது உன் வழக்கம். நாளுக்கு மூணு தடவை போறவங்களும் உண்டு, வாரத்துக்கு மூணு தடவை போறவங்களும் உண்டு. ரெண்டுமே சரிதான். அடுத்தவங்க கணக்கை வச்சுப் பாக்கக் கூடாது. அண்ணன் காபி குடிச்சு அஞ்சு நிமிஷத்துல போயிட்டு வர ஆளு. அவருக்கு மாறிருக்கான்னுதான் பாக்கணும்.

பெரியப்பா: ஏட்டி, ஊருக்கே தம்பட்டம் அடிக்கியா. ஒரு நாள் நாலு தடவை, தண்ணியா. அப்புறம் ரெண்டு நாள் ஒண்ணும் இல்ல. போயிட்டு வந்தாலும் முழுசா போன மாதிரி இல்ல. அவ்வளவுதான்.

பிரபு அண்ணன் (பெங்களூரு): அப்பா இதை ஏன் என்கிட்ட சொல்லல? நான் இப்போ கூகுள்ல பாத்தேன். அத்தை, கை நடுங்குது.

சின்ன அத்தை: கூகுளை மூடி வை. கெட்ட சாப்பாடு, வைரஸ்னா ரெண்டு மூணு நாள், மிஞ்சினா ஒரு வாரம். உப்பு சர்க்கரைக் கரைசல் குடிச்சா சமாளிச்சிரலாம். ரெண்டு வாரம் தாண்டின வயித்துப்போக்கு, மூணு வாரம் தாண்டின எந்த மாத்தமும், டாக்டர்கிட்ட போகணும். நான் வார்டுல நர்ஸா இருந்தப்போ எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்வேன். ஆறு வாரம்னா அதுலயே ரெண்டு பங்கு.

அண்ணே, வெக்கப்படாம சொல்லு. ரத்தம்?

பெரியப்பா: அது மூலம். இருவது வருஷமா இருக்கு.

சின்ன அத்தை: மூலம் இருக்கவங்களுக்கு வேற எதுவும் வராதுன்னு யாராச்சும் எழுதிக் குடுத்திருக்காங்களா?

பெரியப்பா: 🙄

பெரியம்மா: பெல்ட்டுல ஒரு ஓட்டை உள்ள தள்ளியாச்சு. டயட்டுங்கார். ராத்திரி தோசை நாலுக்குக் குறையல.

சின்ன அத்தை: சாப்பிட்டும் எடை குறையுதுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும். ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பி விடுதா?

பெரியப்பா: ரெண்டு மூணு தடவை. சுகர் மாத்திரையால இருக்கும்லா?

சின்ன அத்தை: மெட்ஃபார்மின் வயித்தைக் கலக்கும், உண்மைதான். அனேகமா ஆரம்பிச்ச புதுசுல, இல்ல அளவைக் கூட்டினா. நீ அஞ்சு வருஷமா அதே மாத்திரைதான் போடுத. டாக்டர்கிட்ட கேளு, நீயா நிறுத்திராத. கடுக்காயை மட்டும் இன்னைக்கே நிறுத்து. அதைத் தின்னுக்கிட்டே இருந்தா எது வியாதி, எது கடுக்காய்னு எந்த டாக்டரும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

பெரிய அத்தை: நான் நல்லதுக்குத்தான் போட்டேன் 😔

பானு: சின்னத்த, எனக்கு ஒரு மாசமா கறுப்பா போகுது. நானும் காட்டணுமா? 😰

சின்ன அத்தை: ஏழாம் மாசம், இரும்புச்சத்து மாத்திரை போடுத. அது கறுப்பாக்கும், இறுக்கும். அடுத்த செக்கப்புல டாக்டர் காதுல போட்டு வை. ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு, தாங்க முடியாத நாத்தத்தோட போனா இரைப்பையிலயோ குடல்லயோ ரத்தம் கசியலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி. பீட்ரூட் தின்னுட்டு ரத்தம்னு ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் போட்டவங்களும் இந்தக் குழுவுல இருக்காங்க.

நான்: அந்த ஆள் நான் இல்ல. (நான்தான்)

பிரபு அண்ணன்: அத்தை, புற்றுநோயா இருக்குமா?

சின்ன அத்தை: கிருமி, தைராய்டு, மாத்திரை, சும்மா குடல் கோளாறு, மூலம்னு காரணம் ஏகப்பட்டது இருக்கு. பயப்படுற மாதிரி இல்லாததுதான் அதிகம். ஆனா வயசு அறுவது தாண்டியாச்சு, ரத்தமும் இருக்கு, எடையும் குறையுது. பாத்துட்டுத்தான் நிம்மதியா இருக்க முடியும். குடல்ல சின்னச் சதை வளர்ச்சி இருந்தாக்கூட அனேகமா பாக்கும்போதே எடுத்திருவாங்க.

பெரியப்பா: குழாய் விடுவானா?

சின்ன அத்தை: முதல்ல கையுறை போட்டு விரலால பாப்பாங்க. ரத்தம், மலம் டெஸ்ட் எடுப்பாங்க. வேணும்னாத்தான் கொலோனோஸ்கோபி. அதுல குழாயை விட முந்தின நாள் குடிக்கச் சொல்லுற மருந்துத் தண்ணிதான் பாடு. லிட்டர் கணக்குல குடிக்கணும், பாத்ரூம் பக்கத்துலயே சேர் போட்டுக்கணும். குழாய் விடும்போது மயக்க ஊசி போட்டா ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு சுகர் மாத்திரையை என்ன செய்யன்னு மறக்காம கேட்டுக்கிடு. கூட ஒரு ஆள் வேணும்.

அதுவரைக்கும் வயிறு உப்பி, காத்துகூடப் பிரியாம, வாந்தியும் வந்தா டோக்கனைப் பாக்காத, நேரா எமர்ஜென்சி. தலை சுத்துற அளவுக்கு ரத்தம் போனாலும் அப்படித்தான்.

பிரபு அண்ணன்: நாளைக்குக் காலைல டோக்கன் போட்டாச்சு. நம்பர் 9. நான் இன்னைக்கு ராத்திரி பஸ் ஏறுறேன்.

பெரியப்பா: எல்லாத்தையும் வாயால சொல்லணுமா? ரிசப்ஷன்ல பொம்பளப் பிள்ளைங்க இருக்கும்.

சின்ன அத்தை: தாள்ல எழுது. என்னைக்கு ஆரம்பிச்சது, எத்தனை தடவை, ரத்தம் என்ன நிறம், எல்லா மாத்திரையும். டாக்டர் கைல குடு.

பெரியம்மா: [படம்: சமையலறை மாதக் காலண்டர்]

பெரியம்மா: இதைப் பாருங்க. பிப்ரவரி 9ல நாலு கோடு. 10, 11 ஒண்ணும் இல்ல. 12ல அஞ்சு. இவர் கையெழுத்து. ஒரு மாசமா எழுதி வச்சிருக்கார்!

சின்ன அத்தை: அண்ணே!! அதையே கிழிச்சு டாக்டர்கிட்ட குடு.

பெரியம்மா: நான் பால் கணக்குன்னு நினைச்சேன். அஞ்சு பாக்கெட் எங்கடான்னு பால்காரன்ட்ட சண்டை போட்டு, காசைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடுத்தேன்.

பெரியப்பா: ஆமா, அவன் அன்னைக்கு என்னைப் பாத்து முறைச்சான். எனக்கு ஏன்னு தெரியல.