இலங்கை 7 இரவு 8 பகல் வேன் டூர், ஆகஸ்ட் நடுவில்: இந்தத் திட்டம் ஓடுமா?

கேள்வி – ஆறுபேர்_பயணம்

ஆகஸ்ட் நடுவில் இலங்கைக்குக் குடும்பத்தோடு போகிறோம். மொத்தம் ஆறு பேர். அதில் இருவருக்கு எழுபதை ஒட்டிய வயது, அவர்களில் ஒருவருக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு 9, 13. எல்லோரும் சைவம். டிரைவரே கைடாகவும் வரும் பேக்கேஜ் ஒன்றின் கோட்டேஷன் வந்திருக்கிறது:

நாள் 1: காலை 10 மணிக்குக் கட்டுநாயக்க இறங்கி பின்னவல யானைகள், தம்புள்ளை குகைக் கோயில், இரவு சிகிரியா.
நாள் 2: காலை சிகிரியா, மதியம் பொலன்னறுவை, மாலை மின்னேரியா ஜீப் சஃபாரி.
நாள் 3: மாத்தளை மசாலாத் தோட்டம், கண்டி, தலதா மாளிகை, நடன நிகழ்ச்சி.
நாள் 4: ரயிலில் நானுஓயா, தேயிலைத் தொழிற்சாலை, சீதையம்மன் கோயில், இரவு நுவரெலியா.
நாள் 5: விடியலில் ஹோர்ட்டன் சமவெளி, மதியம் எல்ல.
நாள் 6: ஒன்பது வளைவுப் பாலம், மாலை யால சஃபாரி.
நாள் 7: விடியலில் மிரிஸ்ஸ திமிங்கிலப் படகு, காலிக் கோட்டை, இரவு கொழும்பு.
நாள் 8: விமான நிலையம்.

என் கேள்விகள் மூன்று. பெரியவர்களுக்கு இது தாங்குமா? எதை வெட்டலாம்? பணம் கட்டும் முன் எதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும்?

பதில் – மைல்கல்

தாங்காது. கிலோமீட்டரைப் பார்த்துப் போட்ட திட்டம் இது, இலங்கையில் மணிக்கணக்கைத்தான் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் சமவெளியிலேயே மணிக்கு 40 கிலோமீட்டர் போவது நல்ல வேகம். மலையில் 30 வந்தாலே பெரிது. கட்டுநாயக்கவிலிருந்து சிகிரியா நேராகப் போனாலே நாலு மணி நேரம், சிகிரியாவிலிருந்து கண்டி மூன்று. கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீட்டர்தான், அதற்கும் இரண்டரை முதல் மூன்று மணி.

முதல் நாளைப் பாருங்கள். பத்து மணிக்கு விமானம் இறங்கினால் குடிவரவு, பெட்டி, சிம், பணம் மாற்றுவது எல்லாம் முடிந்து வேன் கிளம்பப் பதினொன்றரை ஆகும். பின்னவல நேர்வழியில் இல்லை, கேகாலைப் பக்கம் சுற்றிப் போக வேண்டும். தம்புள்ளைக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும், அந்தக் களைப்போடு பெரியவர்கள் குகைக்குப் படி ஏற வேண்டும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். தம்புள்ளை எங்கும் ஓடிவிடாது, சிகிரியாவிலிருந்து கண்டி போகும் வழியிலேயே இருக்கிறது. அங்கே டிக்கெட்டை அடிவாரத்திலேயே வாங்க வேண்டும், வாங்காமல் மேலே ஏறினால் திரும்ப இறங்க வேண்டிவரும். ஐந்து குகைகளுக்கும் வெறுங்காலோடுதான் போக வேண்டும், நண்பகலில் பாறை கொதிக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படிகள். ஏறி இறங்க இரண்டரை முதல் மூன்று மணி நேரம். காலை ஆறரைக்குள் டிக்கெட் கவுண்டரில் நின்றால் வெயிலுக்கு முன் உச்சியில் இருக்கலாம். ஒன்பதுக்கு மேல் கூட்டம் சேர்ந்தால் ஓவியங்களுக்குப் போகும் சுருள் ஏணியிலேயே வரிசை நின்றுவிடும். பாறையில் பெரிய குளவிக்கூடுகள் உண்டு, கூச்சல் கூடாது என்று அங்கே பலகை வைத்திருப்பது அதனால்தான். குளவி கலைந்தால் அன்று மேலே விடமாட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர் கீழே நீர்த்தோட்டங்களையும் அருங்காட்சியகத்தையும் பார்க்கட்டும். காசியப்பன் ஐந்தாம் நூற்றாண்டில் அமைத்த அந்தத் தோட்டங்களே தனியாகப் பார்க்கத் தகுந்தவை. சிங்கப்பாதம் வரையாவது போய்விடலாம் என்று யாராவது தெம்பு சொன்னால் கேட்காதீர்கள். வலி ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் பிடிக்கும்.

பொலன்னறுவையையும் மின்னேரியாவையும் மூன்றாம் நாளுக்குத் தள்ளிவிட்டால் எல்லாம் இடத்தில் உட்காரும். காலை எட்டு மணிக்குப் பொலன்னறுவை, பன்னிரண்டுக்குச் சாப்பாடு, திரும்பும் வழியில் மூன்று மணிக்கு ஜீப். இடிபாடுகளுக்கு நடுவே வேனிலேயே போகலாம் என்பதால் பெரியவர்களுக்குச் சிகிரியாவைவிட இதுதான் சுகம். சோழர் காலத்தில் இந்த ஊருக்கு ஜனநாதமங்கலம் என்று பெயர். அப்போது எழுந்த வானவன் மாதேவி ஈஸ்வரம் இன்றும் கற்றளியாக முழுதாக நிற்கிறது. இரண்டாம் சிவாலயம் என்று பலகையில் இருக்கும். கல் விகாரை, வட்டதாகே என்று வழக்கமான சுற்றில் இது விடுபட்டுப் போகலாம், காலையிலேயே டிரைவரிடம் பெயர் சொல்லிக் கேட்டு வையுங்கள்.

ஆகஸ்ட் யானைக்கூட்டத்துக்கு ஏற்ற நேரம். வறட்சியில் மின்னேரியாக் குளம் வற்றும், வற்றிய கரையில் இளம்புல் முளைக்கும், அதைத் தேடிச் சுற்றுக்காட்டு யானைகளெல்லாம் வரும். குளத்தில் தண்ணீர் நிறைந்து கிடந்தால் புல் இருக்காது, யானையும் வராது. அப்போது கவுடுல்ல அல்லது ஹுருலு பக்கம் போக வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் மின்னேரியா என்று மட்டும் எழுதாமல், ‘மூன்றில் ஒன்று, அன்றைய நிலவரப்படி’ என்று எழுதச் சொல்லுங்கள்.

யாலவையும் மிரிஸ்ஸவையும் வெட்டிவிடுங்கள். மிரிஸ்ஸவில் திமிங்கிலப் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆகஸ்டில் தென்மேற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். கோட்டேஷனில் அதை எழுதியவர் பருவம் பார்க்காமல் பழைய திட்டத்தை அப்படியே அனுப்பியிருக்கிறார்.

என் கணக்கு: சிகிரியா 3 இரவு, கண்டி 1, நுவரெலியா 2, கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பு. நுவரெலியாவிலிருந்து அட்டன், கித்துல்கல வழியாக இறங்கலாம்.

பதில் – மாத்தளைக்காரன்

மேலே சொன்னதில் முதல் நாலு நாளும் சரி. நுவரெலியாவில் இரண்டு இரவு என்பதைத்தான் ஏற்கமாட்டேன். ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் விழும். அட்டன், கித்துல்கல றோட்டில் மழையும் புகாரும் (மூடுபனி) சேர்ந்தால் சாரதிக்கே சிரமம். மலைமுகட்டைத் தாண்டிய ஊவாப் பக்கம் அதே நாட்களில் காய்ந்து கிடக்கும், அங்கே அடிப்பது கச்சான் காற்று. ஊவாத் தேயிலையின் வாசம் அந்தக் காற்றில்தான் ஏறுகிறது. ஆகவே நுவரெலியா ஒரு இரவு காணும். எல்லவில் ஒரு இரவு வையுங்கள், பாலமும் வெயிலில் கிடைக்கும்.

எல்லவிலிருந்து திரும்ப மலையேற வேண்டாம். வெல்லவாய வழியாக அம்பாந்தோட்டைக்கு இறங்கினால் அதிவேகப் பாதை, அது கொழும்பு நகருக்குள் நுழையாமலே கட்டுநாயக்கப் பாதையோடு சேரும். காலை எட்டுக்கு வெளிக்கிட்டால் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துப் பின்னேரம் மூன்றரைக்கு நீர்கொழும்பு. நீண்ட நாள்தான், ஆனால் பாதிக்கு மேல் நேரான றோட் என்பதால் பெரியவர்கள் தூங்கிக்கொண்டு வரலாம். வளைவில் பிள்ளைகளுக்கு வாந்தி வருமென்றால் எல்ல – வெல்லவாய இறக்கத்தில் மட்டும் முன் இருக்கையைக் கொடுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு விடிய ஐந்து மணிக்குள் நுவரெலியாவை விட வேண்டும். சுற்று நடை ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் ஒன்பது பத்து மணிக்குப் புகார் ஏறிவிடும். ஆகஸ்டில் காற்றும் கூட. பெரியவர்களுக்கு வேண்டாம், 9 வயதுப் பிள்ளைக்கும் கடினம். அதை விட்டுவிடுவது நல்லது.

ரயில் பற்றி. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை மண்சரிவால் பல இடங்களில் சேதப்பட்டது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்பதைப் பதிவு செய்யும்போது ஒரு முறையும் போகும் வாரத்தில் ஒரு முறையும் ரயில்வே அறிவிப்பில் பார்த்து உறுதி செய்யுங்கள். கண்டி – நானுஓயா கிடைக்காவிட்டால் நானுஓயா – எல்ல பகுதியைக் கேளுங்கள். அழகில் அது குறைவில்லை, வழியில் பட்டிப்பொல வரும், நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம். ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், நல்ல ஆசனங்கள் உடனே போய்விடும். குளிரூட்டிய முதல் வகுப்பில் யன்னல் திறக்காது. இரண்டாம் வகுப்புப் பதிவு ஆசனம்தான் உங்களுக்குச் சரி. ‘கிடைத்தால்’ என்று கோட்டேஷனில் எழுதியிருந்தால், பதிவில்லாத பெட்டியில் மணிக்கணக்காக நிற்க நேரிடும் என்று பொருள். நீங்கள் ரயிலில் இருக்கும்போது வேன் பெட்டிகளோடு றோட்டால் வந்து நானுஓயாவில் நிற்கும். மருந்தையும் கம்பளிச் சட்டையையும் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்டியில் எசல பெரஹரா (தலதா மாளிகையின் யானை ஊர்வலம்) நடக்கும் நாட்களா என்று இப்போதே பாருங்கள். நிக்கினிப் பௌர்ணமியை ஒட்டி முடியும் விழா அது, ஒவ்வொரு வருடமும் திகதி மாறும். அந்த நாட்களில் ஹோட்டல் விலை பல மடங்கு, பின்னேரத்தில் நகர றோட்டுகள் மூடப்படும். பார்க்க வேண்டுமென்றால் ஆசனம் முன்பே எடுக்க வேண்டும். வேண்டாமென்றால் கண்டிக்கு வெளியே தங்குங்கள்.

பதில் – கணக்குநோட்டு

எழுத்தில் வாங்க வேண்டியவை என்று கேட்டதற்கு.

முதலில் டிரைவர். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை தரும் உரிமங்களில் தேசிய வழிகாட்டி, பகுதி வழிகாட்டி, இட வழிகாட்டி, சாரதி வழிகாட்டி என்று தனித்தனி வகைகள் உண்டு. உங்களுக்கு வருபவர் சாரதி வழிகாட்டி உரிமம் உள்ளவரா, தமிழ் பேசுவாரா என்று கேட்டு, உரிம எண்ணை வாங்குங்கள். உரிமம் இல்லாதவர் வெறும் டிரைவர். அப்படியானால் பொலன்னறுவையிலும் சிகிரியாவிலும் இட வழிகாட்டிக்குத் தனியாகப் பணம் போகும், அதைச் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

அடுத்து வேன். ஆறு பேருக்கும் ஆறு பெரிய பெட்டிக்கும் ஏழு சீட் வண்டி போதாது. ‘கேடிஎச் (டொயோட்டா ஹையேஸ் வேன்), உயரக் கூரை’ என்று எழுதி வாங்குங்கள். டீசல், பார்க்கிங், அதிவேகப் பாதைக் கட்டணம், டிரைவரின் சாப்பாடு, தங்கல் எல்லாம் உள்ளே சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெரிய ஹோட்டல்களில் டிரைவருக்கு அறை இருக்கும், சின்ன விருந்தினர் இல்லங்களில் பெரும்பாலும் இருக்காது. அந்தச் செலவு யாருடையது என்று முடிவாகாவிட்டால் மூன்றாம் நாள் இரவு சங்கடம் வரும். ராத்திரி சரியாகத் தூங்காதவர் மறுநாள் மலைப்பாதையில் ஓட்டக் கூடாது, அதற்காகவே இதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

நுழைவுக் கட்டணம் பேக்கேஜில் இல்லையென்றால் பட்ஜெட் கணிசமாக ஏறும். தொல்லியல் இடங்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். சார்க் நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குக் குறைத்த கட்டணம் உண்டு, ஆனால் பாஸ்போர்ட்டை நேரில் காட்ட வேண்டும். ஆறு பேருடையதையும் ஹோட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சஃபாரியில் ஆள் கட்டணம், குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், அதன் மேல் வரி, ஜீப் வாடகை என்று நாலு அடுக்கு. ‘ஜீப் உண்டு’ என்று எழுதியிருந்தால் அதில் எந்த அடுக்கு வரை அடக்கம் என்று கேளுங்கள்.

மாத்தளை மசாலாத் தோட்டத்தையும் ரத்தினக் கடையையும் திட்டத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். அங்கே வாங்கும் பொருளின் விலையில் டிரைவருக்கோ நிறுவனத்துக்கோ பங்கு போவது வழக்கம். ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் அதில் கரையும். விலை மிகக் குறைவாக வந்த கோட்டேஷனில் இந்த நிறுத்தங்கள் கூடுதலாக இருந்தால் காரணம் அதுதான். ‘கடை நிறுத்தம் இல்லை’ என்று ஒரு வரி போடச் சொல்லி, அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயமான பேரம்.

ஈடிஏ (இலங்கைக்குள் நுழைய இணையத்தில் வாங்கும் பயண அனுமதி) விண்ணப்பத்தை அரசுத் தளத்தில் நீங்களே போடுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் வாங்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன.

ஆறுபேர்_பயணம்

மிக்க நன்றி. மிரிஸ்ஸ, யால, ஹோர்ட்டன், மசாலாத் தோட்டம் நான்கையும் எடுத்துவிட்டு, சிகிரியா 3, கண்டி 1, நுவரெலியா 1, எல்ல 1, நீர்கொழும்பு 1 என்று புதுக் கோட்டேஷன் கேட்கிறேன். சைவச் சாப்பாடு எப்படி? தலதா மாளிகைக்கு எந்த நேரம் நல்லது?

பதில் – மாத்தளைக்காரன்

சாப்பாட்டில் ஒரே எச்சரிக்கை மாசி. தேங்காய்ச் சம்பல், கட்டச் சம்பல், சில மரக்கறிக் கறிகளில்கூட மாசிக் கருவாட்டுத் தூள் போடுவார்கள். ‘மரக்கறிச் சாப்பாடு’ என்று சொன்னால் மட்டும் போதாது, ‘மாசி, கருவாடு, முட்டை போடாமல்’ என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்லுங்கள். ஹோட்டலுக்கு நிறுவனமே முன்கூட்டி எழுதட்டும். மாத்தளை, கண்டி, நுவரெலியாவில் சைவக் கடை என்று பலகை போட்ட இடங்களில் கவலை இல்லை. சிகிரியா, எல்ல பக்கம் தங்குமிடத்திலேயே சொல்லிச் சமைக்க வைப்பது நல்லது.

தலதா மாளிகையில் பூசை காலை 5.30, 9.30, பின்னேரம் 6.30. பெரியவர்களுக்குக் காலை ஒன்பதரைதான் வசதி, ஆனால் உங்கள் திட்டத்தில் அன்று ரயில். ஆகவே பின்னேரம் ஐந்தரைக்கே உள்ளே போய், மாடியில் இடம் பிடித்து உட்காருங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடுப்பு வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது, சிகிரியா ஓவியங்களைப் படமே எடுக்கக் கூடாது. பிள்ளைகளிடம் முதலே சொல்லி வையுங்கள்.

பதில் – மைல்கல்

ஊவாக் காற்று பற்றி மாத்தளைக்காரன் சொன்னது சரி, ஆகஸ்டுக்கு அவர் வழிதான் நல்ல வழி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பௌர்ணமி நாள் உங்கள் தேதிக்குள் விழுந்தால் அன்று தம்புள்ளையையும் தலதா மாளிகையையும் வைக்காதீர்கள், பக்தர் கூட்டம் நெரிக்கும். அந்த நாளைப் பொலன்னறுவைக்கோ ரயிலுக்கோ மாற்றுங்கள். ரயில் என்றால் விடுமுறைக் கூட்டம் இருக்கும், பதிவு ஆசனம் கையில் இருந்தால் மட்டும்.