திரை அணைந்ததும் அடிக்கணக்கு நின்றுவிடுகிறது

கேள்வி: வணக்கம். அம்மாவின் ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள நடைக்கணக்குச் செயலி, திரை அணைந்த சிறிது நேரத்தில் அடிகளை எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. சர்க்கரை நோய்க்காக மருத்துவர் நடக்கச் சொல்லியிருப்பதால் இந்தக் கணக்கு அவருக்கு மிகவும் தேவைப்படுகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1: பெரும்பாலும் பேட்டரி சேமிப்புதான் காரணம். அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குச் சென்று, பின்னணியில் கட்டுப்பாடின்றி இயங்க அனுமதியுங்கள். சில கைபேசிகளில் தானாகத் தொடங்குவதற்கான அனுமதி தனியாக இருக்கும். பலர் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

மறுமொழி 2: திரை எரியும்போதும் எண்ணிக்கை நகரவில்லை என்றால், உடல் செயல்பாட்டுக்கான அனுமதியைப் பாருங்கள். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் அதைத் தனியாகக் கேட்கிறார்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதங்கள் திறக்கப்படாத செயலியின் அனுமதிகளைக் கைபேசியே நீக்கிவிடக்கூடும்.

கேட்டவர்: மிக்க நன்றி, பேட்டரி அமைப்பை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் அடிகளை எண்ணும் கைப்பட்டையை (ஃபிட்னஸ் பேண்ட்) இணைத்த பிறகு அடிகள் இரட்டிப்பாகத் தெரிகின்றன.

மறுமொழி 2: நடைக்கணக்குச் செயலி, கைப்பட்டையின் செயலி இரண்டும் ஒரே நடையைப் பதிகின்றன. உடல்நலச் செயலிகளின் தரவை ஒன்றுசேர்க்கும் ஆண்ட்ராய்டின் ஹெல்த் கனெக்டில், தரவு மூலங்களின் முன்னுரிமைப் பட்டியலில் கைப்பட்டையின் செயலியை மேலே வையுங்கள். அப்படியும் குறையாவிட்டால், மற்றச் செயலிக்கு அடிகளை எழுதும் அனுமதியை நிறுத்திவிடுங்கள். மருத்துவரிடம் காட்டப்போகும் கணக்கு என்பதால், ஒரே மூலத்தை வைத்துக்கொள்வதே நல்லது.