வெள்ளத் தண்ணியில ஃப்ளை ராடு: பெண்ணையாத்துல ஒரு நாள் (உங்க அனுபவத்தையும் போடுங்க)

கெடிலக்கரை:

2024 டிசம்பர் கடைசி. ஃபெஞ்சல் புயல் வந்து, சாத்தனூர் அணையில ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தொறந்து விட்டு, தென்பெண்ணை என்ன ஆட்டம் ஆடுச்சுன்னு கடலூர் பாண்டிக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, குண்டு உப்பலவாடி, நாணமேடு பக்கம் சொந்தக்காரங்க இருந்தா இன்னும் நல்லாவே தெரியும். அது வடிஞ்சு, நடுவுல மறுபடி ஒரு மழை பெஞ்சு, மாசக் கடைசியிலயும் ஆறு செந்தண்ணியா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து வந்து இறங்குறான் நம்ம பாண்டி மாப்ள.

இவன் ஃபேமிலி பழைய சொல்தா (பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க) ஃபேமிலி, தாத்தா காலத்துலயே பிரான்ஸ் நேஷனாலிட்டி. இப்ப அங்க பிரனே (பைரனீஸ்) மலைப் பக்கம் வேலை, லீவு நாள்ல ட்ரௌட் மீனு பிடிக்கிறதுதான் பொழப்பு. அங்க மார்ச்ல சீசன் தொறந்தா செப்டம்பர்ல மூடிடுவாங்களாம், மே ஜூன்ல மலையில பனி உருகி ஆறெல்லாம் ஏறிக்கும், அந்த ஏறின தண்ணியிலதான் தனக்குப் பெரிய மீனே மாட்டும்னு வருஷா வருஷம் போட்டோ அனுப்பி வயித்தெரிச்சல் கொட்டிப்பான். இந்த தடவை ராடையே தூக்கிட்டு வந்துட்டான். ட்ரௌட்டுக்கு வச்சிருக்கிற 5 வெயிட் (லைனோட வெயிட்ட வச்சு போடுற நம்பர்) சின்ன ராடு இல்ல, கடலோரத்துக்குன்னு 8 வெயிட், ஒம்பது அடி. "இங்க ட்ரௌட் ஏதுடா, 20 டிகிரிக்கு மேல தண்ணி சூடானாலே அதுக்கு மூச்சு முட்டும், வேணும்னா ஊட்டில அவலாஞ்சிக்கு போ"ன்னேன். "மீனு எதுவா இருந்தா என்னடா மச்சான், ஏறின தண்ணி ஏறின தண்ணிதான்"ங்கறான்.

ஃப்ளை பிஷிங் பார்க்காதவங்களுக்கு ஒரு வரி. நம்ம தூண்டில்ல ஈயக்குண்டோ லூரோ (போலி இரை) வெயிட்டா இருக்கும், அது தூண்டில் நரம்ப இழுத்துக்கிட்டு போகும். இதுல தலைகீழ். முள்ளுல கட்டினது வெறும் இறகும் நூலும், அதுதான் ஃப்ளை, லைன இழுத்துக்கிட்டு போற அளவுக்கு அதுக்கு வெயிட் கிடையாது, லைன்தான் தடியா வெயிட்டா இருக்கும், அத பின்னாடி விசிறி முன்னாடி விசிறி போடணும். அதனால பின்னாடி இடம் வேணும். நம்ம கரையில பின்னாடி என்ன இருக்கும்? சீமைக்கருவேலம். முதல் வீச்சே முள்ளு மரத்துல. பக்கத்துல நின்ன பசங்க "என்னண்ணா அவரு ஆத்த சாட்டையால அடிக்கிறாரு"ன்னு சிரிக்கிறானுங்க.

முந்தின நாள் ராத்திரி எங்க வீட்ல உக்காந்து ஃப்ளை கட்டினான். அவன் கொண்டாந்தது எல்லாம் வெள்ளை, பச்சை, பளபளான்னு. கலங்கல்ல இதெல்லாம் தெரியாது, கருப்புதான் நெழலா தெரியும்னு சொல்லி பக்கத்து வீட்டு சண்டைச்சேவல் கழுத்து இறகு ரெண்ட கெஞ்சி வாங்கி, விரல் நீளத்துக்கு கருப்பா ஒன்னு கட்டினான். தண்ணி கலங்குனா சின்ன ஃப்ளை வேஸ்ட், பெருசா, கருப்பா, வெயிட்டா, மெதுவா... இதுதான் அவனோட மந்திரம்.

காலையில தாழங்குடா பக்கம் தென்கரை. ஆத்து நடுவுல ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமா கடலுக்கு ஓடுது. நான் வழக்கம்போல ஸ்பின்னிங் ராடுல எவ்ளோ தூரம் முடியுமோ அவ்ளோ தூரம் நடுவுல வீசுறேன், அவன் தலையில அடிச்சிக்கிறான். "அங்க எந்த மீனுடா நிக்கும், நீ நிப்பியா அந்த இழுப்புல?" இவன் பார்த்ததெல்லாம் கரையத்தான். கரை அரிக்காம இருக்க கருங்கல் கொட்டி வச்சிருக்காங்க இல்ல, அதோட முனைக்குக் கீழ தண்ணி வேகமில்லாம லேசா சுத்திக்கிட்டு இருந்துச்சு, ஒரு கட்டில் அளவு இடம்தான், நுரையும் குச்சியும் அங்கயே சுத்துது. பிரான்ஸ்ல ட்ரௌட்டும் வெள்ளத்துல இப்படி இடத்துலதான் கரையோட ஒட்டி நிக்குமாம், பல நேரம் மனுசன் நிக்கிற எடத்துக்கு மூணடி தள்ளி, அதனால தண்ணிகிட்ட போறதுக்கு முன்னாடியே தள்ளி நின்னு முதல் வீச்ச போடணுமாம்.

அவன் இத சொல்லி முடிக்கல, வீச்சு வலையோட ஒரு பெரியவர் வந்து சரியா அதே சுழிக்கு மேல நின்னாரு. வேற எங்கயும் பார்க்கல. ஒரு வீச்சு, வலை நிறைய ஜிலேபி கெண்டை, பொடி மடவை. மேல ஏரி குளம் உடைஞ்சு வந்த ஜிலேபி எல்லாம் உப்புத்தண்ணி கிட்ட வந்து தடுமாறி ஓரத்துல ஒதுங்கும், அத தின்ன கொடுவா வரும்னு அவரே சொன்னாரு. "தம்பி, தண்ணி வத்தட்டும், அப்ப வரும் பாரு." மாப்ள அவர்கிட்டயே உக்காந்துட்டான், அரை மணி நேரம் ரெண்டு பேரும் கைய ஆட்டி ஆட்டி பேசுறாங்க, இவன் ட்ரௌட்ட சொல்றான், அவரு கொடுவாவ சொல்றாரு, நான் டீ வாங்கப் போயிட்டேன்.

ஒரு விஷயத்துல மட்டும் அவன் பேச்ச நான் கேக்கல. அங்க மாதிரி தண்ணியில இறங்கி இடுப்பளவுல நின்னு போடறேன்னு பூட்ஸ் மாட்டிட்டான். வாணாம்னு சட்டையப் பிடிச்சு இழுத்தேன். பெண்ணையாத்துல மணல் அள்ளின குழி எங்க இருக்குன்னு கலங்கல்ல யாருக்கும் தெரியாது, முட்டி அளவு தண்ணியில நடந்துகிட்டே இருப்பீங்க, அடுத்த அடி ஆளே முழுகிடும். வெள்ளத்துல கரையும் அடியில அரிச்சு மேல மட்டும் மண்ணு நிக்கும். பெரியவரும் அதட்டினாரு, அப்புறம்தான் கழட்டினான்.

பத்து மணிக்கு மேல வத்தம், அதாவது கடல் தண்ணி இறங்குறது, ஆரம்பிச்சு இழுப்பு கூடுச்சு. கருவேலத்துக்கு பயந்து பின்னாடி விசிறாம லைன தண்ணி மேலயே உருட்டி விடுற மாதிரி போட்டான், இருபது அடி கூட இருக்காது. முதல்ல மாட்டினது மொரங்கெண்டை. வெள்ளி தகடு மாதிரி ரெண்டு தடவை எகிறுச்சு, ரெண்டாவது எகிறல்ல முள்ளு கழண்டு போச்சு, அதோட வாய் அப்படியே எலும்பு, முள்ளு இறங்காது. அடுத்து கொஞ்ச நேரம் ஒன்னுமில்ல. அப்புறம் அந்த கருங்கல் முனையில ஒரு "டொப்"னு சத்தம், கொடுவா வாயத் தொறந்து உறிஞ்சுற சத்தம் கேட்டவங்களுக்கு தெரியும். சேவல் இறகு உள்ள போச்சு. நடு ஆத்துக்குப் போனா இழுப்புல நரம்பு தாங்காதுன்னு ராட தண்ணிப் பக்கமா சாச்சு சாச்சு கரையோரமாவே கொண்டாந்தான், பெரியவர் செவுள்ல கைய விட்டுத் தூக்கினாரு. ரெண்டு கிலோவுக்கு கொஞ்சம் கம்மி.

அப்புறம்தான் கூத்து. இவன் போட்டோ எடுத்துட்டு மீன தண்ணியில விடப் போறான்! அங்க அப்படித்தானாம். கரையில நின்ன அத்தனை பேரும் "ஏய் ஏய்"னு கத்துறாங்க, பெரியவர் முகத்துல ரத்தமே இல்ல. கிலோ என்ன விலைன்னு தெரியுமாடான்னு நான் கேக்குறேன். கடைசில அவங்க அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "கொடுவாவ விட்டுட்டு வீட்டுப் பக்கம் வந்துடாத"ன்னாங்க. கேஸ் முடிஞ்சிது.

பாகூர்க்காரன்:

நண்பா, கரையோரம் மேட்டர் நூத்துக்கு நூறு. சொர்ணாவூர் அணைக்கட்டுல தண்ணி வழியும்போது எல்லாரும் நடுவுல கொட்டுற இடத்தையே பார்ப்பாங்க, எங்க மாமா மட்டும் ஓரத்து சுவரை ஒட்டி மண்புழு போடுவாரு, கெளுத்தி அங்கதான் வரிசையா ஏறும். ஒன்னு சேர்த்துக்கோங்க, வெள்ளத்துல அடிச்சிட்டு வர பாம்பெல்லாம் அதே கருங்கல்லுலதான் ஒதுங்கும். போன மழைக்கு நான் பையத் தூக்குறேன், அடியில கண்ணாடி விரியன் சுருண்டு கெடக்கு. கைய விடறதுக்கு முன்னாடி குச்சியால தட்டுங்க.

உப்பனாறு:

சுண்ணாம்பாத்துல ஃப்ளை போட்டுப் பார்த்தவங்க யாராச்சும் உண்டா? நோணாங்குப்பம் போட் ஹவுஸ் தாண்டி அலையாத்திச் செடி இருக்கிற ஓரம் நல்லா இருக்கும்னு தோணுது. அந்த கருப்பு ஃப்ளைக்கு எந்த சைஸ் முள்ளுன்னு மாப்ளய கேட்டு சொல்லுங்க, சேவல் எங்க வீட்லயே இருக்கு.

கெடிலக்கரை:

1/0ன்னு சொல்றான். துரு ஏறாத முள்ளா வாங்குங்க, முள்ளோட எதிர்க்கொக்கிய ப்ளையர்ல அமுக்கிடுங்க, கருவேலத்துல மாட்டினா எடுக்க ஈசி, உங்க காதுல மாட்டினாலும்.