'டேபிள்' பண்ணுவது என்றால் பேச்சுக்கு எடுப்பதா, தள்ளிவைப்பதா?

குறிப்பேடு (கேள்வி):
லண்டன், நியூஜெர்சி, சென்னை என மூன்று ஊர் ஆட்களும் உட்காரும் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுத வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் 'வாஸ் டேபிள்டு' என்று எழுதினால் லண்டன்காரர் "ஆமாம், எடுத்தோம்" என்கிறார். நியூஜெர்சிக்காரர் "அதைத்தான் தள்ளி வைத்தாச்சே" என்கிறார். நம்மூர் ஆங்கிலப் பேப்பரில் மசோதா 'டேபிள்டு' என்று வருகிறதே, அது எந்தக் கணக்கு? வாக்கியத்தை வைத்தே அர்த்தத்தைப் பிடிக்க வழி உண்டா?

அவைக்குறிப்பு:
நம்மூர்க் கணக்கு பிரிட்டிஷ் கணக்கு. அவைச் செயலாளர் முன்னால் இருக்கும் மேசையில் தாளை வைத்துவிட்டால் அது அவையின் முன் வந்துவிட்டது என்று பொருள். பிரிட்டன் கீழவையில் உறுப்பினர்கள் கேள்விகளைக் கொடுக்கும் அலுவலகத்தின் பெயரே டேபிள் ஆபீஸ்தான். ஆனால் டேபிள் செய்தாலே விவாதம் உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 'ஏர்லி டே மோஷன்' என்று ஒரு வகைத் தீர்மானம் உண்டு. கொடுப்பார்கள், கையெழுத்துச் சேர்ப்பார்கள், பெரும்பாலானவை விவாதத்துக்கு வருவதே இல்லை.

நம் நாடாளுமன்றத்தில் நடைமுறைச் சொல் 'லே ஆன் த டேபிள்'. சி.ஏ.ஜி. (அரசுக் கணக்குத் தணிக்கைத் தலைவர்) அறிக்கை, ஆண்டறிக்கை, அரசாணை விதிகள் எல்லாம் இப்படித்தான் வைக்கப்படும். புதிய மசோதாவுக்கு அந்தச் சொல் கிடையாது, அது 'இன்ட்ரொடியூஸ்'. ஒரு அவையில் நிறைவேறி மறு அவைக்கு வரும் மசோதாவை மட்டும் மேசையில் வைப்பார்கள். பேப்பர்காரர்கள் தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் 'டேபிள்டு' ஆக்கிவிடுகிறார்கள். தமிழில் நாமும் எல்லாவற்றுக்கும் 'தாக்கல்' என்று ஒரே சொல்லைப் போடுகிறோம், அதனால் பேப்பர்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

பைலா பார்ப்பவர்:
அமெரிக்கப் பக்கம் இன்னும் சிக்கல், அங்கேயே இரண்டு அர்த்தம் ஓடுகிறது.

சங்கங்கள், குடியிருப்போர் அமைப்புகள் பலவற்றின் பைலா, அதாவது உள்விதிகள், 1876இல் முதலில் வெளிவந்த ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற கூட்ட நடைமுறை நூலைப் பின்பற்றும். அதில் 'லே ஆன் த டேபிள்' என்றால் அவசரமான வேறு வேலை வந்துவிட்டதால் கையிலிருக்கும் தீர்மானத்தைத் தற்காலிகமாக ஓரம் வைப்பது. ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், விவாதம் கிடையாது, சாதாரணப் பெரும்பான்மை போதும். திரும்ப எடுக்க 'டேக் ஃப்ரம் த டேபிள்' என்று தனித் தீர்மானம் வேண்டும். மூன்று மாத இடைவெளிக்குள் வழக்கமான கூட்டம் நடக்கும் அமைப்பில், அடுத்த கூட்டம் முடிவதற்குள் அதை எடுக்காவிட்டால் தீர்மானம் செத்துவிடும்.

தவறு நடக்கும் இடம் இதுதான்: "அடுத்த மாதம் வரை டேபிள் பண்ணுவோம்" என்பார்கள். தேதி சொல்லிவிட்டாலே அது வேறு தீர்மானம், 'போஸ்ட்போன் டு எ சர்ட்டன் டைம்'. அதை விவாதிக்கலாம், தேதியைத் திருத்தலாம். விவாதமே வேண்டாம் என்று தப்பிக்கத்தான் பலர் டேபிளைப் பிடிக்கிறார்கள்.

அமெரிக்க செனட்டில் இன்னும் கடுமை. ஒரு திருத்தத்தை 'டேபிள்' செய்யும் தீர்மானம் ஜெயித்தால் அந்தத் திருத்தம் அத்தோடு காலி. தற்காலிகம் என்ற பேச்சே இல்லை.

சொல்வழக்கு:
இந்த மோதல் புதிதில்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் தளபதிகள் ஒரு தாளை உடனே எடுக்க வேண்டும் என்று 'டேபிள்' என்றார்கள். அமெரிக்கர்கள் கிடப்பில் போடச் சொல்கிறார்கள் என்று எதிர்த்தார்கள். இரு தரப்பும் கேட்டது ஒன்றேதான் என்று தெரிவதற்குள் காரசாரமான வாக்குவாதம் நடந்துவிட்டதாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

வாக்கியத்தில் பார்க்க வேண்டியது வினைக்குப் பக்கத்தில் நிற்கும் சொல். 'ஃபார் நவ்', 'அன்டில்', 'இன்டெஃபினிட்லி' வந்தால் தள்ளிவைப்பு. 'பிஃபோர் த கமிட்டி', 'இன் பார்லிமென்ட்' வந்தால் முன்வைப்பு. 'வாஸ் டேபிள்டு' என்று மொட்டையாக நின்றால் பேசியவர் எந்த ஊர் என்று பார்ப்பதைத் தவிர வழியில்லை. கனடாக்காரர் என்றால் அதுவும் உதவாது, அங்கே இரண்டும் புழங்கும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது குழப்பம் இல்லை. 'ஆன் த டேபிள்' என்றால் அமெரிக்கர்களுக்கும் பரிசீலனையில் இருப்பது என்றுதான் பொருள். தங்கள் வினைச்சொல்லுக்கே எதிராகப் பேசுகிறார்கள், கேட்டால் சிரிப்பார்கள்.

குறிப்பேடு:
'லெட்ஸ் டேபிள் த பட்ஜெட் ஃபார் தர்ஸ்டே' என்று ஒருவர் சொன்னால்?

சொல்வழக்கு:
அது தப்பித்துவிடும். லண்டன்காரர் வியாழக்கிழமை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பார், நியூஜெர்சிக்காரர் வியாழன் வரை தள்ளுவார். இரண்டு பேரும் அதே நாளில்தான் பட்ஜெட்டைத் திறப்பார்கள். 'லெட்ஸ் டேபிள் திஸ் டுடே' என்றால்தான் ஒருவர் ஃபைலைத் திறக்க, மற்றவர் மூடுவார்.

பைலா பார்ப்பவர்:
மினிட்ஸில் அந்த வினையையே எழுதாதீர்கள் சார். எடுத்துப் பேசியிருந்தால் 'டிஸ்கஸ்டு', முன்வைத்ததோடு நின்றிருந்தால் 'ப்ரெசென்டட்', தள்ளியிருந்தால் 'டிஃபர்டு டு' என்று போட்டுத் தேதி, யார் பொறுப்பு இரண்டையும் அதே வரியில் எழுதுங்கள். 'ஷெல்வ்டு' எல்லா ஊரிலும் ஒரே பொருள்தான், ஆனால் ஊற்றி மூடிவிட்டோம் என்ற வாடை வரும். தேதி குறித்த விஷயத்துக்கு அது வேண்டாம். கூட்டத்திலேயே யாராவது 'டேபிள்' என்றால் அந்த நிமிடமே "இன்றைக்கா, பிறகா?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு விதிவிலக்கு: ராபர்ட்ஸ் ரூல்ஸ்படி முறையாகத் தீர்மானம் போட்டு ஓட்டெடுத்திருந்தால் 'லெய்டு ஆன் த டேபிள்' என்றே பதிய வேண்டும். அங்கே சொல்லை மாற்றினால் தீர்மானமே மாறிவிடும்.