கம்பெனியோடு இணைக்கப்படும் சாப்பர் பிளாட்டூனை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி (காலாட்படை அதிகாரி):
வணக்கம். ரைபிள் கம்பெனி ஒன்றின் தலைமையை ஏற்று நான்கு மாதங்கள் ஆகின்றன. சென்ற மாத இரவுப் பயிற்சியில் ஒரு சாப்பர் பிளாட்டூனும் (பொறியியல் பணி செய்யும் படையினரின் சிறு பிரிவு), பீரங்கிப் படையிலிருந்து எஃப்.ஓ.ஓ. (முன்னணியில் இருந்து பீரங்கிச் சூட்டை வழிநடத்தும் அதிகாரி) ஒருவரும் என்னோடு இணைக்கப்பட்டார்கள். நான் திட்டத்தை முடித்த பிறகே அவர்களை ஓ குரூப்புக்கு (கட்டளைகளை விளக்கும் கூட்டம்) அழைத்து, நள்ளிரவில் வேலையைத் தொடங்கி 2 மணிக்குள் கண்ணிவெடிப் புலத்தின் ஊடே பாதையைத் திறந்து தர வேண்டும் என்றேன். சாப்பர் சுபேதார் "சரி சார்" என்று சொல்லிப் போனார். பாதை 4 மணிக்குத்தான் திறந்தது. விடிவதற்குள் இலக்கைப் பிடிக்க முடியவில்லை. அவர்கள் என் கட்டளையின் கீழ்தானே இருந்தார்கள்? என் ஆட்கள் சாப்பர்களைக் குறை கூறுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

பதில் (ஓய்வுபெற்ற சாப்பர் சுபேதார்):
ஐயா, மதராஸ் சாப்பர்ஸில் பணியாற்றியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முடிந்துபோன திட்டத்தைக் கேட்டவரிடம் "சரி சார்" என்பதைத் தவிர வேறு சொல் மிச்சமிருக்காது. கையால் தேடும்போது ஒருவன் குப்புறப் படுத்து, குத்துக்கோலை ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் மண்ணுக்குள் மெல்லச் செலுத்தி, முனையில் ஏதேனும் தட்டுகிறதா என்று விரலால் உணர்ந்து, அங்குலம் அங்குலமாக நகர்கிறான். கோலைச் செங்குத்தாக இறக்கினால் கண்ணிவெடியின் தலையிலேயே அழுத்தம் விழும். மழை பெய்திருந்தால், திறந்த பாதையைக் காட்டும் வெள்ளை நாடா சேற்றில் அமிழ்ந்துவிடும். அதைத் தூக்கிக் கட்டவே தனியாக ஓர் ஆள் வேண்டும். அடுத்த முறை திட்டம் போடும் முன்பே "எவ்வளவு நேரம் வேண்டும், சாஹிப்?" என்று கேளுங்கள். முந்தைய இரவு உங்கள் ரோந்தோடு சாப்பர் ஒருவரையும் அனுப்புங்கள். மண்ணைக் கண்ணால் பார்த்தவன் சொல்லும் நேரக் கணக்கு பெரும்பாலும் பிசகாது.

பதில் (ஓய்வுபெற்ற காலாட்படை கர்னல்):
1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரின்போது ஷகர்கர் பகுதியில் நடந்த பசந்தர் போரை ஊன்றிப் படியுங்கள். காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையில் காலூன்றியது. அதன்பின் டாங்கிகள் வருவதற்காக 9ஆவது எஞ்சினியர் ரெஜிமென்ட் கண்ணிவெடிப் புலத்தில் பாதை திறந்துகொண்டிருந்தது. வேலை முடிவதற்கு முன்பே எதிரி டாங்கிகளின் நடமாட்டம் பற்றி முன்னணியிலிருந்து செய்தி வந்ததால், 17 பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படை அரைகுறைப் பாதை வழியாகவே முன்னேறியது. அந்த ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்பது டாங்கிப் படைத் தளபதியின் முடிவு; எதுவரை துப்புரவாகியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் சாப்பர்கள் மட்டுமே. அவர்களின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்தப் போரில் உயிர்நீத்தார். மகாவீர் சக்கர விருது அவருக்கு வழங்கப்பட்டது.

"அண்டர் கமாண்ட்" என்றால் எங்கே, எப்போது, எதற்காக என்பதை நீங்கள் சொல்கிறீர்கள்; எப்படி என்பதை அவர் சொல்கிறார். எஃப்.ஓ.ஓ. விஷயம் வேறு. அவர் உங்கள் தோளோடு தோள் நடந்தாலும் பீரங்கிகள் உங்களுடையவை அல்ல. பக்கத்துக் கம்பெனிக்கு நெருக்கடி வந்தால் குண்டுமழை அங்கே திரும்பிவிடும். அப்போது என்ன செய்வீர்கள் என்பதை அவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற சிக்னல் ஹவில்தார்):
லங்கரையும் (படையினரின் சமையற்கூடம்) மறக்க வேண்டாம், ஐயா. ஒரு பயிற்சியில் இணைப்பாகப் போன எங்கள் இருவரின் பெயரும் கம்பெனியின் சாப்பாட்டுக் கணக்கில் இல்லை. இரவு முழுவதும் ரேடியோ செட்டைக் காதில் வைத்திருந்தோம். காலையில் அந்தக் கம்பெனியின் இளம் சிப்பாய் ஒருவன் தன் தட்டிலிருந்து பூரியைப் பகிர்ந்து கொடுத்தான். இருபது ஆண்டுகளாகியும் அவன் முகம் நினைவில் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இன்று சுபேதார் சாஹிபைச் சந்தித்து, அந்த நிலத்துக்கு எவ்வளவு நேரம் கணக்கிட்டிருந்தார் என்று கேட்டேன். நான்கு மணி நேரம் என்றார். நான் கொடுத்தது இரண்டு. இதை என் ஆட்கள் முன்னிலையில் நாளை நானே சொல்லப் போகிறேன்.